சிறைக்கதவு திறந்த பிறகு முதல் 14 நாள்

1/ இன்னிக்குக் கொஞ்சம் நீளமான இழை. சுகர், பிரஷர், டெங்கு எதுவும் இல்லை. ஜெயிலுக்குப் போய்ட்டு வெளியே வந்தவங்களைப் பத்தி. "டாக்டருக்கும் ஜெயிலுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்பீங்க. சம்பந்தம் இருக்கு. நான் சொல்லப்போற முதல் தகவலே ஒரு மருத்துவ இதழில் வந்ததுதான். நேரம் இருந்தா இப்பவே படிங்க, இல்லைன்னா சேமிச்சு வெச்சுக்கோங்க.

2/ அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலம். அங்கே சிறையிலிருந்து விடுதலையான 30,000 பேருக்கும் மேல் உள்ளவங்களோட விவரத்தை எடுத்து, அவங்கள்ல யார் எப்போ இறந்தாங்கன்னு பார்த்தாங்க. 2007ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு. விடுதலையான முதல் 2 வாரத்துல அவங்க இறக்கிற வாய்ப்பு, அதே மாநிலத்துல இருக்கிற மத்தவங்களை விட 12.7 மடங்கு. போதைமருந்து ஓவர்டோஸால இறக்கிற வாய்ப்பு மட்டும் 129 மடங்கு. மறுபடி படிங்க. 129 சதவீதம் இல்லை. 129 மடங்கு.

3/ ஏன்? ஓவர்டோஸ் கணக்கு எங்களுக்கு எளிதாப் புரியும். ஹெராயின் மாதிரி ஒண்ணைத் தொடர்ந்து எடுக்கிற உடம்பு அதைத் தாங்கப் பழகிடும். உள்ளே சில மாசம் கிடைக்காமப் போனா அந்தத் தாங்குசக்தி போயிடும். ஆனா மனசு பழைய அளவைத்தான் ஞாபகம் வெச்சிருக்கும். வெளியே வந்த அன்னிக்கு அதே பழைய அளவை எடுப்பார். மூச்சு நின்னுடும். அவர் சாக நினைச்சு எடுக்கலை. முன்னாடி தினமும் எடுத்ததைத்தான் எடுத்தார்.

4/ ஆனா ஓவர்டோஸ் மட்டும் இல்லை. மாரடைப்பு, கொலை, தற்கொலை எல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கு. அதாவது, நாம "விடுதலை"ன்னு சொல்ற நாள் மருத்துவக் கணக்குல ஒரு ஆபத்தான நாள். பெரிய ஆபரேஷன் முடிஞ்ச நோயாளியை நாங்க எப்படிப் பார்ப்போம்? எந்த நாள் காய்ச்சல் வரும், எந்த நாள் தையல் விடும்னு எதிர்பார்த்துக் காத்திருப்போம். சிறையிலிருந்து வர்றவரை யாரும் அப்படிக் காத்திருந்து பார்க்கிறதில்லை.

5/ இதை எண்ணிக்கையா மட்டும் சொன்னா மறந்துடுவீங்க. அதனால உள்ளே இருந்துட்டு வந்து, தாங்களே பேசின, எழுதின சிலரோட கதையைச் சொல்றேன். எல்லாரும் அமெரிக்கர்கள், எல்லாரும் கறுப்பினத்தவர். சிலர் குற்றம் செஞ்சவங்க. சிலர் செய்யாதவங்க. ரெண்டையும் நான் கலக்கப் போறதில்லை.

6/ முதல்ல பின்னணி. அமெரிக்காவுல இப்போ சிறைகள்ல இருக்கிறவங்க ஏறத்தாழ 19 லட்சம் பேர். அந்த நாட்டு மக்கள்தொகையில கறுப்பினத்தவர் ஏழுல ஒரு பங்குதான். சிறைக்குள்ள பார்த்தா மூணுல ஒரு பங்குக்கும் மேல. "அப்போ அவங்கதான் அதிகமா குற்றம் பண்றாங்க"ன்னு உடனே தோணும். அதுக்கு ஒரே ஒரு சட்டத்தை மட்டும் உதாரணமாச் சொல்றேன்.

7/ கொக்கெயின் ரெண்டு வடிவத்துல கிடைக்கும். ஒண்ணு பொடி. இன்னொண்ணு கிராக்னு சொல்ற கட்டி. மருந்தா ரெண்டும் ஒண்ணுதான், மூளையில செய்ற வேலையும் ஒண்ணுதான். பொடி விலை அதிகம், வசதியான வெள்ளைக்காரங்க கிட்ட புழங்கினது. கட்டி விலை குறைவு, ஏழைக் கறுப்பினப் பகுதிகள்ல புழங்கினது. 1986ல ஒரு சட்டம் வந்துச்சு. 500 கிராம் பொடி வெச்சிருந்தா குறைஞ்சபட்சம் 5 வருஷம். கட்டியா இருந்தா? வெறும் 5 கிராமுக்கே அதே 5 வருஷம். 100க்கு 1. இதை 2010ல குறைச்சாங்க, ஆனா சமமாக்கலை. 18க்கு 1 ஆக்கினாங்க.

8/ அந்தச் சட்டம் நடைமுறையில இருந்த காலத்துல லாஸ் ஏஞ்சல்ஸ்ல வாழ்ந்தவங்க சூசன் பர்ட்டன். 1980களோட தொடக்கத்துல அவங்களோட 5 வயசுப் பையன் வீட்டுப் பக்கத்துல தெருவைக் கடக்கும்போது ஒரு வண்டி மோதி இறந்துட்டான். ஓட்டினது ஒரு போலீஸ் அதிகாரி. யாரும் வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கலைன்னு அவங்க திரும்பத் திரும்பச் சொல்றாங்க. துக்கத்தை மறக்கக் குடி, அப்புறம் கிராக். பிடிபட்டு ஜெயில். வெளியே வந்து மறுபடி பிடிபட்டு ஜெயில். இப்படி 6 தடவை.

9/ ஒவ்வொரு தடவையும் விடுதலையாகும்போது கையில கொஞ்சம் பணம் கொடுத்து பஸ் ஏத்தி விட்டுடுவாங்க. பஸ் போய் நிக்கிறது நகரத்தோட மோசமான பகுதியில. இறங்கின இடத்துலேயே போதை விக்கிறவங்களும், பெண்களைத் தொழிலுக்குக் கூப்பிடுறவங்களும் காத்திருப்பாங்க. அரசாங்கம் காத்திருக்காத இடத்துல அவங்க காத்திருந்தாங்க. அந்த 12.7 மடங்கு எங்கிருந்து வருதுன்னு புரியுதா?

10/ 1997ல ஒரு தெரிஞ்சவர் மூலமா சான்டா மோனிகாவுல இருக்கிற ஒரு போதை மறுவாழ்வு மையத்துக்குப் போறாங்க. கடற்கரை ஓரம், வசதியான, பெரும்பாலும் வெள்ளைக்காரங்க வாழுற பகுதி. அங்கே அவங்க பார்த்தது அவங்களை உலுக்கிடுச்சு. அதே போதை, அதே குற்றம். ஆனா அந்தப் பகுதி ஆட்களை நீதிமன்றம் ஜெயிலுக்கு அனுப்பலை, சிகிச்சைக்கு அனுப்புச்சு. தன்னோட பகுதியில இப்படி ஒரு வழி இருக்குன்னே யாரும் சொல்லலையேன்னு நினைச்சாங்க. வெறும் அரை மணி நேரக் கார் பயணத் தூரம். ஒரு பக்கம் அது நோய். இன்னொரு பக்கம் அதுவே குற்றம்.

11/ சிகிச்சை முடிஞ்சதும் அவங்க பண்ணினதுதான் முக்கியம். 1998ல சேத்து வெச்ச காசுல ஒரு சின்ன வீடு. சிறையிலிருந்து பெண்கள் வந்து இறங்குற அதே பஸ் நிலையத்துக்குப் போய் நின்னாங்க. "என் வீட்டுக்கு வா, படுக்க இடம் இருக்கு"ன்னு கூப்பிட்டாங்க. அது பின்னால "எ நியூ வே ஆஃப் லைஃப்"னு ஒரு அமைப்பாச்சு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்த வீடுகள் வழியா வெளியே வந்திருக்காங்க. திட்டம் என்னன்னு பார்த்தா ரொம்பச் சின்னது. பஸ் வந்து நிக்கும்போது கெட்டவங்களுக்கு முன்னாடி நாம போய் நிக்கிறது.

12/ அடுத்தவர் ஷாகா செங்கோர். டெட்ராய்ட் நகரம். இவர் நிரபராதி இல்லை. 1991ல, 19 வயசுல, போதை வியாபாரத் தகராறுல ஒரு மனுஷனைச் சுட்டுக் கொன்னவர். அதை அவரே மறைக்காமச் சொல்றார். 19 வருஷம் உள்ளே. அதுல 7 வருஷம் தனிமைச் சிறை. இவர் கதையில என்னை நிறுத்தி வெச்சது அந்தக் கொலை இல்லை. அதுக்கு முன்னாடி நடந்த ஒண்ணு.

13/ 17 வயசுல இவரையே ஒருத்தர் தெருவுல வெச்சுச் சுட்டுட்டார். நண்பன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனான். டாக்டர்கள் காயத்துக்கு மருத்துவம் பார்த்து, கட்டுப் போட்டு, அனுப்பிட்டாங்க. எங்கே? சுட்ட அதே தெருவுக்கு. யாரும் பக்கத்துல உட்கார்ந்து பேசலை. இனி பயம் வரும், கோபம் வரும், தூக்கம் வராதுன்னு யாரும் சொல்லலை. அன்னிலிருந்து அவர் துப்பாக்கி இல்லாம வெளியே போகலை. அடுத்த தடவை முந்திக்கணும்னு முடிவு பண்ணிட்டார். ஒன்றரை வருஷம்கூட ஆகலை. அவர் முந்திக்கிட்டார். ஒருத்தர் செத்தார்.

14/ இதைப் படிச்சப்போ எனக்கு கேஷுவாலிட்டி ஞாபகம்தான் வந்துச்சு. அரிவாள் வெட்டு, பாட்டில் குத்துன்னு வர்ற பையன்களை ராத்திரி டியூட்டி பார்த்த எல்லா அரசு டாக்டருக்கும் தெரியும். 18, 19 வயசு. ரத்தத்தை நிறுத்துறோம், தையல் போடுறோம், டிடி ஊசி, விபத்துப் பதிவேட்டுல எழுதி போலீசுக்குத் தகவல். அந்த ராத்திரியில அதுக்கு மேல நேரம் கிடையாது. வெளியே அவன் கூட்டாளிகள் பைக்கை ஆஃப் பண்ணாம நிப்பாங்க. கண்ணுல என்ன ஓடுதுன்னு பார்த்தாலே தெரியும். 7 நாள் கழிச்சுத் தையல் பிரிக்க வரச் சொல்லுவோம். காயத்துக்கு மறுபடி வர நாள் குறிக்கிறோம். அந்தக் கண்ணுல ஓடுறதுக்கு நாள் குறிக்க எங்க சீட்டுல இடமே இல்லை.

15/ அதுக்கு இடம் போட முடியும். கலிஃபோர்னியாவுல ஓக்லாந்து நகரத்துல 1994லேயே ஒரு முயற்சி தொடங்குச்சு. துப்பாக்கிச்சூட்டுல நடக்க முடியாமப் போன ஒரு இளைஞர், ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ தனக்கு என்ன தேவைப்பட்டுச்சுன்னு யோசிச்சதுல வந்தது. சுடப்பட்டோ குத்துப்பட்டோ வர்ற பையன் படுக்கைக்கே, அதே மாதிரி வாழ்ந்து மீண்ட ஒருத்தர் போய் உட்காருவார். பழிவாங்கப் போகாதேன்னு பேசுவார். டிஸ்சார்ஜ் ஆனதும் பள்ளிக்கூடம், வேலை, வேற இடத்துல வீடுன்னு கூடவே ஓடுவார். டாக்டர் சொன்னா அவன் கேட்க மாட்டான். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுறவர் சொன்னா கேட்பான்.

16/ செங்கோர் மாறினது எப்படி? உள்ளே படிச்சார், எழுதினார். மகன்கிட்ட இருந்து ஒரு கடிதம் வந்துச்சு. நீ ஏன் ஜெயில்ல இருக்கேன்னு அம்மா சொல்லிட்டாங்க, கொலைன்னு. தன்னை ஒரு கொலைகாரனாத்தான் தன் பிள்ளை பார்க்குதுங்கிறது அவரை உடைச்சுது. கொல்லப்பட்டவரை வளர்த்த உறவுக்காரப் பெண்மணி மன்னிச்சு எழுதின கடிதமும் வந்துச்சு. 2010ல வெளியே வந்தார். அந்த மன்னிப்பைச் சிறை கொடுக்கலைங்கிறதைக் கவனிங்க. அது யாருக்கும் தெரியாம, தபால்ல வந்தது.

17/ இப்போ தனிமைச் சிறை. லூசியானாவுல அங்கோலான்னு ஒரு சிறை. 18,000 ஏக்கர். ஒரு காலத்துல அது அடிமைகளை வெச்சு நடத்தின பண்ணை. அந்த அடிமைகள் ஆப்பிரிக்காவுல எங்கிருந்து பிடிச்சு வரப்பட்டாங்களோ, அந்த ஊர்ப் பேர்தான் அங்கோலா. 1865ல அடிமைமுறையை ஒழிச்ச 13வது சட்டத்திருத்தத்துல ஒரு விதிவிலக்கு இருக்கு. குற்றத்துக்குத் தண்டனையா இருந்தா கட்டாய வேலை வாங்கலாம். அதனால பண்ணை சிறையாச்சு, வயல் அப்படியே இருந்துச்சு. வயல்ல குனிஞ்சவங்க பெரும்பாலும் கறுப்பினத்தவர், குதிரை மேல துப்பாக்கியோட உட்கார்ந்தவர் காவலர்.

18/ அங்கே ஆல்பர்ட் உட்ஃபாக்ஸ், ஹெர்மன் வாலஸ், ராபர்ட் கிங்னு மூணு பேர். கொள்ளை வழக்குகள்ல உள்ளே போனவங்க. உள்ளே கறுப்பின உரிமை அரசியல் பேச ஆரம்பிச்சாங்க. 1972ல ஒரு காவலர் கொல்லப்பட்டார். உட்ஃபாக்ஸ் மேலயும் வாலஸ் மேலயும் அந்தப் பழி. கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் மறுத்தாங்க. கிங் மேல வேறொரு கைதியோட கொலைப்பழி. தனித்தனி அறை. 6 அடிக்கு 9 அடி. ஒரு நாளைக்கு 23 மணி நேரம்.

19/ கிங் 29 வருஷம் கழிச்சு 2001ல வந்தார். வாலஸ் 2013 அக்டோபர் 1ல விடுதலை ஆனார். கல்லீரல் புற்றுநோய் முத்திப்போய், ஆம்புலன்ஸ்ல. 3 நாள் கழிச்சு இறந்துட்டார். உட்ஃபாக்ஸ் 2016 பிப்ரவரி 19ல வந்தார், அன்னிக்கு அவருக்கு 69வது பிறந்தநாள். 40 வருஷத்துக்கு மேல தனிமை. நெல்சன் மண்டேலா பேர்ல 2015ல ஐ.நா. ஏத்துக்கிட்ட சிறை விதிகள், தொடர்ந்து 15 நாளைத் தாண்டின தனிமைச் சிறையே கூடாதுன்னு சொல்லுது. இவருக்குக் கொடுத்தது அதைப்போல ஏறத்தாழ 1,000 மடங்கு.

20/ ஒரு டாக்டரா நான் கவனிச்சது: கிங் தன் பார்வையைப் பத்திச் சொன்னது. வருஷக்கணக்கா சில அடிக்கு அப்பால எதையும் பார்க்காத கண்ணு தூரத்தைப் பார்க்கக் கஷ்டப்பட்டுது. ஊர்ல வழி கண்டுபிடிக்கிறதும் சிரமமாச்சு. உட்ஃபாக்ஸுக்குச் சுவர் நெருங்கி வர்ற மாதிரி மூச்சுமுட்டல் வரும். உட்கார்ந்துதான் தூங்குவார். தண்டனைன்னு நீதிபதி எழுதுறது வருஷக் கணக்கை மட்டும்தான். கண்ணையும் தூக்கத்தையும் எடுத்துக்கோன்னு எந்தத் தீர்ப்பிலயும் எழுதறதில்லை.

21/ அந்த 40 வருஷத்துல தன்னோட பெரிய சாதனைன்னு உட்ஃபாக்ஸ் எதைச் சொன்னார் தெரியுமா? சக கைதி ஒருத்தருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்கொடுத்ததை. அவர் அம்மா இறந்தப்போ இறுதிச் சடங்குக்கு அனுமதி கிடைக்கலை. வெளியே வந்ததும் போனது அம்மாவோட கல்லறைக்கு. 2022 ஆகஸ்ட்ல கொரோனா பாதிப்புல இறந்தார். வெளியே இருந்தது ஆறரை வருஷம்.

22/ இன்னொருத்தர் அந்தோணி ரே ஹின்டன். அலபாமா. 1985ல கைது, வயசு 29. கொலைகள் ரெண்டு. மூணாவதா ஒரு கொலை முயற்சி நடந்த நேரத்துல இவர் பல மைல் தள்ளி, பூட்டின கிடங்குல, கையெழுத்துப் போட்டு வேலை பார்த்துட்டு இருந்தார். இருந்த ஒரே ஆதாரம், அம்மா வீட்டுத் துப்பாக்கியிலிருந்து வந்த குண்டுகள்னு அரசுத் தரப்பு சொன்னது. அதை எதிர்க்க நிபுணர் வேணும். காசு இல்லை. 1,000 டாலருக்குக் கிடைச்ச நிபுணருக்கு ஒரு கண்ணு பார்வை கிடையாது. மைக்ரோஸ்கோப்பைச் சரியா இயக்கத் தெரியலை. கோர்ட்ல சிரிச்சாங்க. மரண தண்டனை.

23/ ஏறத்தாழ 30 வருஷம் மரண வரிசையில இருந்தார். மின்சார நாற்காலி பக்கத்துல. 50 பேருக்கு மேல சாகக் கூட்டிட்டுப் போனதைப் பார்த்தார். எரிஞ்ச வாடை அறைக்குள்ள வரும்னு எழுதியிருக்கார். பிரையன் ஸ்டீவன்சன்ங்கிற வழக்கறிஞர் பல வருஷம் போராடி, 2014ல அமெரிக்க உச்ச நீதிமன்றமே தலையிட்டு, 2015 ஏப்ரல் 3ல வெளியே வந்தார். அதுக்குள்ள அம்மா இறந்துட்டாங்க. லெஸ்டர்னு ஒரே நண்பர், அத்தனை வருஷமும் தவறாம பார்க்க வந்தவர், காரோட வாசல்ல நின்னார்.

24/ கார்ல போகும்போது திடீர்னு ஒரு பொம்பளைக் குரல், "வலது பக்கம் திரும்பவும்." ஹின்டன் பதறிட்டார். யார் அது, எங்கே இருக்காங்கன்னு. ஜிபிஎஸ். அவர் உள்ளே போனப்போ அப்படி ஒண்ணு கிடையாது. முதல் ராத்திரி மெத்தையில தூக்கம் வரலை. எழுந்து குளியலறைக்குப் போய், தரையில படுத்துக்கிட்டார். அந்த அளவுதான் அவர் உடம்புக்குத் தெரிஞ்ச அறை. மாநில அரசு நஷ்டஈடா ஒரு காசும் கொடுக்கலை. நிரபராதிக்கே இந்த நிலைமை.

25/ சரி, வெளியே வந்தாச்சு. வேலை கிடைக்குமா? டீவா பேஜர்னு ஒரு சமூகவியல் ஆய்வாளர் மில்வாக்கி நகரத்துல ஒரு சோதனை செஞ்சாங்க, 2003ல வெளியாச்சு. ஒரே மாதிரி படிப்பு, ஒரே மாதிரி பேச்சு உள்ள இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினாங்க. சிலர் மட்டும் "போதை வழக்குல சிறைக்குப் போனேன்"னு எழுதுவாங்க. கூப்பிட்டு அனுப்பின கணக்கு இது:
சிறைக்குப் போகாத வெள்ளையர் 34%
சிறைக்குப் போன வெள்ளையர் 17%
சிறைக்கே போகாத கறுப்பினத்தவர் 14%
சிறைக்குப் போன கறுப்பினத்தவர் 5%

26/ மூணாவது வரியை மறுபடி பாருங்க. ஒரு குற்றமும் செய்யாத கறுப்பின இளைஞனுக்கு, ஜெயிலுக்குப் போய்ட்டு வந்த வெள்ளைக்காரனை விடக் குறைவான வாய்ப்பு. அதாவது பிறப்பே ஒரு தண்டனைப் பதிவு மாதிரி வேலை செய்யுது. நாலாவது வரிக்காரர்கிட்டப் போய் "திருந்தி வாழு"ன்னா, எதை வெச்சு வாழறது? 20 இடத்துல கேட்டா ஒரு இடத்துல கூப்பிடுவாங்க.

27/ இங்கே ஒரு கேள்வி கட்டாயம் வரும். "கொல்லப்பட்டவங்க குடும்பத்தைப் பத்தி எழுத மாட்டீங்களா?" நியாயமான கேள்வி. பிணவறை வாசல்ல நிக்கிற அம்மாக்களை நான் பார்த்திருக்கேன், அந்தக் கேள்வியைத் தட்டிவிட எனக்கு மனசு வராது. என் பதில் இதுதான். தண்டனை வேண்டாம்னு நான் சொல்லலை. தண்டனை முடிஞ்சு வர்றவன் எப்படி வர்றான்ங்கிறது அடுத்த அம்மாவைப் பத்தின கேள்வி. 17 வயசு செங்கோருக்கு யாராவது பக்கத்துல உட்கார்ந்திருந்தா, 1991ல ஒரு குடும்பத்துக்குப் பிள்ளை மிஞ்சியிருக்கலாம். மறுவாழ்வை நான் குற்றவாளிக்குப் போடுற பிச்சையா பார்க்கலை. அது தடுப்பூசி.

28/ மருத்துவத்துல இதைச் செஞ்சு காட்டியிருக்காங்க. 2006ல சான் ஃபிரான்சிஸ்கோவுல டிரான்சிஷன்ஸ் கிளினிக்னு ஒண்ணு தொடங்கினாங்க. சிறையிலிருந்து இப்போதான் வந்தவங்களுக்கான சாதாரண ஓபி. சுகர், பிரஷர், மஞ்சள்காமாலை, போதை, மனநலம். ஒரே வித்தியாசம், அங்கே வேலை பார்க்கிற சுகாதாரப் பணியாளரும் ஒரு காலத்துல உள்ளே இருந்தவர். அவர்தான் போன் பண்ணுவார், கூட வருவார், மாத்திரை வாங்கித் தருவார். அப்படிப் பார்த்தவங்க அவசரப் பிரிவுக்கு ஓடி வர்றது குறைஞ்சதுன்னு ஆய்விலயே காட்டினாங்க. வேற யாரும் வேலை தராத ஒருத்தருக்கு, உள்ளே இருந்த அனுபவமே இங்கே தகுதி.

29/ "இது அமெரிக்கா கதை, நிறவெறி நாடு, நமக்கென்ன"ன்னு நினைச்சா ஒரு தேதி சொல்றேன். 2024 அக்டோபர் 3. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா போட்ட வழக்குல இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள். பல மாநிலச் சிறை விதிகள்ல, கழிவறை சுத்தம் பண்றது இந்தச் சாதிக் கைதிகள், சமைக்கிறது அந்தச் சாதிக் கைதிகள்னு எழுதியே வெச்சிருந்தாங்க. சுதந்திரம் வாங்கி 77 வருஷம் கழிச்சுத்தான் அது செல்லாதுன்னு ஆச்சு. கைதிப் பதிவேட்டுல இருக்கிற சாதிப் பத்தியை எடுக்கச் சொன்னாங்க. அந்த வழக்குல பாளையங்கோட்டை சிறையில சாதிவாரியாப் பிரிச்சு அடைச்சதும் பேசப்பட்டுச்சு. நம்ம ஊர்தான்.

30/ இன்னொரு கணக்கு. நம்ம நாட்டுச் சிறைகள்ல இருக்கிறவங்கள்ல நாலுல மூணு பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராதவங்க. அவங்கள்ல ஒருத்தரை ஓபிக்குக் கூட்டிட்டு வந்தா வரிசையில இருக்கிறவங்க எல்லாம் நகர்ந்து உட்காருவாங்க. எஸ்கார்ட் போலீஸ் பக்கத்துல நிக்க, "நெஞ்சு வலி"ன்னு மட்டும் சொல்லுவார். வேற எங்கே வலிக்குதுன்னு கேட்டா முதல்ல போலீஸைப் பார்ப்பார், அப்புறம் தரையைப் பார்ப்பார். அந்தப் பார்வையை அரசு டாக்டர் யாரும் மறக்க முடியாது.

31/ வெளியே வந்தவங்க இன்னும் சிரமம். வலிப்பு வந்து மயங்கின ஒருத்தரைக் கொண்டு வந்தாங்க. நல்லா இருந்த ஆள், திடீர்னு ஏன்? நாக்கைக் கடிச்சு ரத்தம். தெளிஞ்சதும் கேட்டேன், மாத்திரை எங்கே சாப்பிட்டீங்க, ஏன் நிறுத்துனீங்கன்னு. பதில் இல்லை. கூட்டம் குறைஞ்ச பிறகு மெதுவா, "உள்ளே கொடுத்தாங்க சார். வெளியே வந்து 10 நாள் ஆச்சு. எந்த ஆஸ்பத்திரியில பார்த்தேன்னு கேட்டா என்ன சொல்றது?" மாத்திரை இலவசம். ஓபி சீட்டு இலவசம். அவரால தர முடியாம இருந்தது ஒரு பதில்தான். அந்த 10 நாளும் அந்த முதல் 14 நாளுக்குள்ள வருது பாருங்க.

32/ அதனால சில விஷயம் கேட்டுக்கிறேன்.
டாக்டர், நர்ஸ் தம்பி தங்கைகளே: "எங்கே பார்த்தீங்க?"ன்னு கேட்கிறப்போ குரலைத் தாழ்த்திக் கேளுங்க. "உள்ளே"ன்னு பதில் வந்தா முகம் மாறாம அடுத்த கேள்விக்குப் போங்க. கேஸ் ஷீட்டுல நோயை எழுதுங்க, வழக்கை எழுத வேண்டாம்.
வீட்டுல யாராவது விடுதலையாகி வர்றாங்கன்னா: வாசல்ல யாராவது ஒருத்தர் போய் நில்லுங்க. சாப்பிட்டுட்டு இருந்த மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்குங்க. டிபி மருந்துன்னா பாதியில நிறுத்தவே கூடாது, 6 மாசம் முடிக்கணும். நிக்ஷய் எண் இருந்தா எந்த அரசு ஆஸ்பத்திரியிலயும் தொடரலாம். குடியோ போதையோ பழக்கம் இருந்தவர்னா, பழைய அளவு இப்போ விஷம்னு சொல்லுங்க. முதல் ரெண்டு வாரம் தனியா விடாதீங்க.

33/ கடை, கம்பெனி வெச்சிருக்கிறவங்களே: பேஜர் பட்டியலோட நாலாவது வரியை மாத்துறது எந்த நீதிமன்றத்தாலயும் முடியாது. உங்களால முடியும். 16 வயசுல துப்பாக்கி காட்டிக் கார் பறிச்சு, 8 வருஷத்துக்கு மேல உள்ளே இருந்த ரெஜினால்ட் டுவைன் பெட்ஸ்ங்கிறவர், தனிமைச் சிறையில கதவுக்கு அடியில யாரோ தள்ளிவிட்ட ஒரு கவிதைத் தொகுப்புல ஆரம்பிச்சு, யேல் சட்டக் கல்லூரியில படிச்சு வழக்கறிஞர் ஆனார். இப்போ சிறைகளுக்குள்ள நூலகம் வைக்கிறார். அந்தப் புத்தகத்தைத் தள்ளினவர் யார்னு இன்னி வரைக்கும் அவருக்குத் தெரியாது. நமக்கு அந்த அளவு வேலை போதும்.

34/ உட்ஃபாக்ஸும் ஹின்டனும் பர்ட்டனும் செங்கோரும் தங்கள் கதையைப் புத்தகமாவே எழுதியிருக்காங்க, கிடைச்சா படிங்க. நம்ம ஊர்ல உள்ளே இருந்துட்டு வந்தவங்க, அவங்க வீட்டுக்காரங்க யாராவது இதைப் படிச்சா, மாத்திரை பத்தி, வைத்தியம் பத்தி எது வேணும்னாலும் உள்பெட்டியில கேளுங்க. எந்த வழக்குன்னு கேட்க மாட்டேன். என்ன மாத்திரை, எத்தனை நாளா நின்னு போச்சுன்னு மட்டும்தான் கேட்பேன்.